இளையவனுக்குரிய ஆசீர்

கெங்குவார்பட்டியை விட்டு தேவதானப்பட்டி ரோட்டில் நடந்துகொண்டிருந்தேன். பின்னால் வந்த பஸ் எதையும் கை காட்டி நிறுத்தவில்லை. அன்று காலைதான் அப்பாவை அடக்கம் செய்திருந்தோம். கல்லறைத் தோட்டத்து ஈர மண் செருப்பில் காய்ந்து, நடக்க நடக்க உதிர்ந்தது.

எங்கள் ஊர் வேதக்காரக் குடும்பங்களில் தலைச்சன் பிள்ளை ஆண்டவருக்கு உரியது என்பார்கள். சாமியாராக்க வேண்டும் என்று என்னை மதுரையில் விடுதிப் பள்ளியில் விட்டார்கள். ஒன்பதாம் வகுப்பில் அங்கிருந்து ஓடினேன். லாரி கிளீனர், கேரளாவில் ரப்பர் வெட்டு, திருப்பூரில் சாயப்பட்டறை என்று காலம் போயிற்று. பட்டினி கிடந்ததும் உண்டு. தம்பி ஊரிலேயே இருந்தான். தோட்டமும் கண் தெரியாமல் போன அப்பாவும் அவன் பொறுப்பு. ஆனாலும் மூத்தவன் நான். எங்கே கிடந்தாலும் அது ஒன்று எனக்கு இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

சாகுமுன் தகப்பன் பிள்ளைகளுக்கு ஆசீர் கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். மூத்தவன் தலையில் இரண்டு கையும் வைப்பார்கள். வீட்டை அவனிடம் ஒப்படைப்பது அப்படித்தான். இளையவனுக்கு நெற்றியில் கட்டைவிரலால் ஒரு சிலுவை. அந்த இரண்டு கைக்காகத்தான், தம்பி போன் செய்ததும் கிளம்பினேன். போய்ச் சேர மறுநாள் மத்தியானம் ஆகிவிட்டது.

வாசலிலேயே தம்பி மறித்தான்.

“அண்ணே, சத்தம் போடாத. மூத்தவன் வந்துட்டானா, மூத்தவன் வந்துட்டானான்னு கேட்டுக்கிட்டே இருந்தாக. காலையில மூச்சு இழுக்க ஆரம்பிச்சிருச்சு. யாரு குரலுன்னும் பிடிபடல அவுகளுக்கு. என்னால தாங்க முடியல. நான்தான்ப்பா மூத்தவன், வந்துட்டேன்னு சொல்லிட்டேன். ரெண்டு கையும் வச்சுட்டாகண்ணே.”

சொல்லிவிட்டு அழுதான். கண் மங்கிய தகப்பனிடம் அண்ணனுக்குரியதை ஏமாற்றி வாங்கிய இளையவன் கதையை விடுதியில் பைபிளில் படித்திருக்கிறேன். அவன் ஆசைப்பட்டுச் செய்தான், தடவினால் அண்ணன் கை போல இருக்க ஆட்டுத்தோலைக் கட்டிக்கொண்டு. இவன் இரக்கப்பட்டுச் செய்தான். எதற்காக வாங்கினாலும் கொடுத்த ஆசீர் திரும்பாது என்றுதான் அந்தக் கதையில் இருக்கிறது.

உள்ளே போனேன். காலடிச் சத்தத்துக்கு அப்பா முகத்தைத் திருப்பினார்.

“யாரு?”

மூத்தவன் என்று சொன்னால் காலையில் அவருக்குக் கிடைத்த நிம்மதி போய்விடும்.

“சின்னவன்ப்பா.”

“எங்க போயித் தொலஞ்ச? அண்ணன் வந்துருக்கான். சோறு போட்டியா?”

“போட்டேன்ப்பா.”

என் முகத்தைத் தடவி நெற்றியைக் கண்டுபிடித்தார். கட்டைவிரலால் சிலுவை போட்டார்.

“அவன் சொல்றதக் கேட்டு நட. மறுபடி எங்கிட்டாவது ஓடிறப் போறான், பாத்துக்க.”

சாயங்காலம் அடங்கிவிட்டார்.

கல்லறையில் உபதேசியார், “மூத்த மகன் மொதப் பிடி மண்ணப் போடுங்க” என்றார். நான் தம்பியின் கையைப் பிடித்து முன்னால் விட்டேன்.

“ஏலே, தலைச்சன் நீ இருக்க அவன எதுக்குடா தள்ளுற? ஊரூராச் சுத்தி மூள கலங்கிப் போச்சா?” என்று அத்தை கத்தினாள்.

“அண்ணே, இங்கனயே இருந்துரு. வீடு உன்னுது” என்றான் தம்பி, மெதுவாக.

“ரெண்டு கையும் உன் தலையிலதான வச்சாக. போடு.”

அவன் அழுதுகொண்டே மண்ணை அள்ளினான். எனக்கு அழுகை வரவில்லை. தேவதானப்பட்டி தாண்டித்தான் வந்தது. ரோட்டோரப் புளியமரத்தடியில் உட்கார்ந்து அழுது முடித்துவிட்டு, அடுத்து வந்த பஸ்ஸில் தேனிக்கு ஏறினேன். அங்கிருந்து கம்பம்.

மறுநாள் காலை ஒரு திராட்சைத் தோட்டத்தில் அறுப்புக்கு ஆள் எடுத்தார்கள். மேஸ்திரி ஏற இறங்கப் பார்த்தார்.

“சொல்லாமக் கொள்ளாம ஓடுற ஆளு மாதிரில்ல இருக்க. வீட்டுல யாரு இருக்கா?”

“அண்ணன் இருக்காக” என்றேன்.

கத்தரியும் கூடையும் கொடுத்தார். பந்தல் தாழ்வாக இருந்தது. தலையைக் குனிந்து உள்ளே போய்க் குலைகளை வெட்ட ஆரம்பித்தேன்.