ஸ்டீபனின் உபவாசம்

என் தம்பி ஸ்டீபன் கும்மிடிப்பூண்டி கம்பி ஆலையில் உலைக்கு முன்னால் நிற்கிறவன். அவன் உடம்பில் ஓடுவது பாம்பே குரூப் என்கிற அபூர்வ ரத்தம். அவனுக்கு அது இருப்பதைக் கண்டுபிடித்தவர், ரத்தக் கோளாறுகளை ஆராய்ச்சி செய்கிற டாக்டர் தேவதர்ஷினி. என் மகள் சோனியாவுக்கு அந்த ரத்தம்தான் என்று தெரிந்ததும், சொந்தத்துக்குள்ளேயே பெண் கொடுத்து எடுக்கிற குடும்பம் என்பதால், புதுவாயலில் எங்கள் சனத்தின் வீடு வீடாக வந்து சோதித்தார். சாதாரண சோதனையில் ஓ குரூப் மாதிரி தெரியுமாம். ஆனால் ஓ ரத்தத்தை ஏற்றினால் உயிருக்கே ஆபத்தாம். ஒத்துப்போனது ஸ்டீபன் ஒருவனுக்குத்தான்.

போன வருஷம் கர்ப்பப்பைக் கட்டியால் சோனியாவுக்கு ரத்தப்போக்கு நிற்கவேயில்லை. ரத்தம் கையில் இல்லாமல் ஆபரேஷன் செய்ய முடியாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். நான் சபைக்கு ஓடி, எல்லோரையும் உபவாச ஜெபத்துக்கு அழைத்தேன். டாக்டரம்மா ஸ்டீபனுக்கு போன் போட்டார். இரண்டையும் நாங்கள் யாரும் சேர்த்து யோசிக்கவில்லை.

வேலையைப் பாதியில் விட்டு வந்தவனுக்கு பிரஷர் பார்த்ததும் டாக்டரம்மாவின் முகம் மாறிவிட்டது. என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டார். முந்தின ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. சாப்பிடாமல் எடுக்கவே முடியாது என்று சொல்லிவிட்டார்.

"சோனியா எழுந்து ஒக்கார்ற வரைக்கும் வாயில ஒண்ணும் வெக்கமாட்டேன்னு ஆண்டவர்கிட்ட சொல்லிக்கினேன் மேடம். சும்மா எடுங்க. விழுந்தா விழுறேன்."

"நீங்க பாதியில மயங்கினா ரத்தப் பையும் பாதியில நின்னுடும். அது அவளுக்கு உதவாது" என்றார் அவர்.

அவன் அசையவில்லை. உள்ளே சோனியாவின் உதடு வெளுத்துக்கொண்டே போனது. நான் கேன்டீனில் இட்லி வாங்கி வந்து அவன் முன்னால் வைத்தேன்.

"உன்ன உபவாசத்துக்குக் கூப்ட்டது நான்தான்டா. ஆண்டவரு கேட்டா அக்கா குடுத்துச்சின்னு சொல்லு. உன் வைராக்கியத்த அவ ஒடம்புல ஏத்த முடியாது. துன்னு."

கண்ணை மூடி ஜெபித்துவிட்டு, அழுதுகொண்டே சாப்பிட்டான். தண்ணீர் குடிக்கக் குடிக்கப் பிரஷர் பார்த்தார்கள், ஏறவில்லை. மறுபடி பார்த்தார்கள். கடைசியில் டாக்டரம்மா தலையசைத்தார். பை நிறைந்தது, சோதனை முடிந்து உள்ளே போனது.

சோனியா பிழைத்தாள். இன்றைக்கும் எங்கள் சபையில் உபவாசம் என்றால், ஸ்டீபன் நாஷ்டா சாப்பிட்டுவிட்டுத்தான் முழங்கால் போடுவான். டாக்டரம்மா எப்போது கூப்பிடுவாரோ, யாருக்கோ.