சிவராசா அண்ணனின் இரண்டு குரல்கள்

புதன்கிழமை காலை, ஒரு கோட்டுக்குப் பித்தான் தைத்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. கனடா இலக்கம். புதிதாக வந்த ஏதாவது முகமூடிக்காரன் படத்தைத் திட்டுவதற்குத்தான் சிவராசா அண்ணன் எடுக்கிறார் என்று நினைத்து, "என்ன அண்ணே, இன்னைக்கு எவன் மாட்டினான்?" என்றேன். மறுபக்கத்தில் அவருடைய மகள். "அங்கிள், அப்பா விடியப்புறம் மோசம் போயிட்டார், உயிர் போயிட்டுது" என்றாள். "சரிம்மா" என்றேன். சரிம்மாவாம்! முட்டாள் மாதிரி அதைத்தான் சொன்னேன். பிறகு அந்தப் பித்தானை முழுவதும் தைத்து முடித்தேன். வேறென்ன செய்வதென்று தெரியவில்லை.

கண்டியில் அவரோடு ஒரே காரியாலயத்தில் இருந்தவர்கள் இதை வாசிப்பீர்கள். உங்களுக்கு அவர் யாழ்ப்பாணத்திலிருந்து மாற்றலாகி வந்த எழுதுவினைஞர், கூட்டல் பிழைக்காதவர், அதிகம் வாய் திறக்காதவர். எனக்குத் தெரிந்தவர் வேறு ஆள். சட்டைக்கு மேல் சிறகு மாட்டிக்கொண்டு ஊரைக் காப்பாற்றுகிறவனின் கதையைத் தொலைக்காட்சியில் வாராவாரம் பார்ப்பது மேலா, தியேட்டரில் ஒரே மூச்சில் பார்ப்பது மேலா என்று தொண்டை கட்டும்வரை சண்டை பிடிக்கிறவர். சண்டை பிடித்தது என்னோடுதான்.

நாங்கள் சந்தித்த இடம் அகதி முகாம். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்தில் என் தையற்கடையை எரித்தார்கள். கையில் கத்தரிக்கோல்கூட மிஞ்சவில்லை. நானும் என் மனைவி வள்ளியும் கண்டியில் ஒரு பாடசாலையின் வகுப்பறையில் பாய் விரித்துக் கிடந்தோம். வெளியே ஒரு லொறி நின்றால் போதும், அறை முழுவதும் மூச்சை அடக்கிக்கொள்ளும். அந்த நேரத்தில் பக்கத்துப் பாயில் இருந்த மெலிந்த மனிதர் என் பக்கம் சாய்ந்து, "போன சனிக்கிழமை சிறகனைப் பாத்தனீரோ?" என்றார்.

டீவித் தொடரில் பறக்கிறவன்; ஆங்கிலத்தில் அவனுக்கு வேறு பெயர். இங்கே தமிழ் ஆட்கள் வைத்த பெயர் சிறகன். "மாடி உச்சியில தொங்கவிட்டுட்டுத் தொடரும் எண்டு போட்டாங்கள். என்ன நடந்திருக்கும் எண்டு நினைக்கிறீர்?"

எனக்கு வந்த கோபத்துக்கு அவரை அடித்திருப்பேன். "எங்க கடையே சாம்பலாப் போச்சு. உங்களுக்கு இது ஒரு கவலையா?" என்றேன்.

"என்ர அறையையும்தான் உடைச்சவங்கள். வேற எதை யோசிச்சாலும் கை நடுங்குது, தம்பி. அதுதான் இதை யோசிக்கிறன்."

இரண்டு கையையும் தொடைக்கடியில் செருகிக்கொண்டார். நான் டீவி பார்ப்பதில்லை, படம்தான் பார்த்திருக்கிறேன், படத்தில் அவன் விழவே மாட்டான் என்றேன். "அதுதான் படத்தில உள்ள பிழை" என்று ஆரம்பித்தார் பாருங்கள், சோறு வாங்க எழும்பும்வரை விடவில்லை. அன்றைக்குத்தான் முதல் தடவையாக நான் பயந்து பயந்து வாசற்படலைப் பக்கம் பார்க்காமல் இருந்தேன் என்று வள்ளி பிறகு சொன்னாள்.

ஊரில் கலவரம் அடங்கிய பிறகு அவர் ஹந்தானைப் பக்கம் குசுமாவதி நோனா என்ற சிங்கள அம்மாவின் வீட்டில் ஓர் அறை எடுத்தார். முதல் வேலையாக ஒரு டீவிப் பெட்டி வாங்கினார். கட்டில் பிறகுதான் வந்தது. நான் இன்னொருவருடைய கடையின் பின்பக்கத்தில் ஒரு மெஷினைப் போட்டுக்கொண்டேன். சனிக்கிழமை ஐந்து மணிக்குத் தொடர். மேற்குப் பக்கத்து யன்னலால் வெயில் நேரே பெட்டியில் விழும் என்பதால் திரைச்சீலையை இழுத்து மூடிவிடுவோம். இரண்டு கதிரை, இரண்டு பிளேன்டீ. தொடர் ஓடும் நேரத்தில் பேசக்கூடாது. முடிந்ததும் வெடிக்கும்.

"படத்தில உலகம் அழியப்போகுது எண்டு ஒருக்காத்தான் வெருட்டுறாங்கள். ரெண்டு மணித்தியாலத்தில காப்பாத்திப்போட்டுப் போயிடுவான். இதில அப்பிடியே? திங்கக்கிழமை அவன் கந்தோர் வேலைக்குப் போகவேணும். ஆர் தன்னைக் கண்டுபிடிப்பாங்கள் எண்டு பயந்து பயந்து பஸ்ஸில போகவேணும். அவன்தான் எங்கட ஆள்" என்பார்.

நான் விடுவேனா? "பெட்டியில அவன் பறக்கிறதப் பாத்தா கொடியில காயிற சட்டை மாதிரி இருக்கு. தியேட்டர்ல பறந்தா வயித்துக்குள்ள ஜில்லுங்குது. அங்க இருட்டுக்குள்ள முன்னூறு பேரு சேந்து பயப்படுறோம். சேந்து பயந்தா ஆளுக்குக் கொஞ்சந்தான் வரும். இங்க நம்ம ரெண்டு பேரே எல்லாத்தையும் பயந்து முடிக்க வேண்டியிருக்கு" என்பேன்.

எல்லாவற்றுக்கும் மேலாக என்னிடம் ஒரு வாதம் இருந்தது. தொடர்க்காரனுடைய உடுப்பு முழங்கையில் சுருங்கும். கையை மடக்கினால் அக்குளில் இழுக்கும். உடுப்பின் கைப்பகுதியைத் தப்பாக வெட்டியிருந்தார்கள். படத்தில் வருகிறவனுக்கு ஒரு சுருக்கம் இராது. "உலகத்தைக் காப்பாத்துறவனுக்கு ஒரு நல்ல டெய்லர் கெடைக்கலையா?" என்று நான் வாராவாரம் கேட்பேன். வாராவாரம் அவர் கையெடுத்துக் கும்பிடுவார்.

எங்கள் சத்தம் அந்த ஒழுங்கை வீடுகள் முழுவதும் கேட்டிருக்கிறது. மூடிய அறை, சனிக்கிழமை தவறாமல் கூடும் ஆட்கள், தமிழில் உரத்த வாக்குவாதம். கொழும்பில் எங்காவது குண்டு வெடித்த செய்தி வந்தால் கண்டியில் தமிழர்கள் குரலைத் தணித்துக்கொண்ட வருடங்கள் அவை. பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் பேர் கேட்டால் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவோம். எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. இந்திய வம்சாவளியான எங்கள் குடும்பத்துக்குப் பிரஜாவுரிமை கிடைத்திருக்கவில்லை. அடையாள அட்டை இல்லை. அட்டை இருந்தவர்களையே கொண்டுபோனால் எப்போது விடுவார்கள் என்று தெரியாது. என்னைப் போன்றவனைக் கொண்டுபோனால் தேடிப்போய்க் கேட்க வள்ளியைத் தவிர ஆளில்லை. அவளுக்கு அப்போது எட்டாம் மாதம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் குசுமாவதி நோனா மஹியாவையில் இருந்த எங்கள் வீட்டுக்கு ஒரு ரவிக்கைத் துணியோடு வந்தார். அதற்குமுன் வந்ததில்லை. வாசலில் நின்ற அயலவர்களுக்குக் கேட்கும்படி அளவு சொன்னார். உள்ளே வந்ததும் குரல் மாறியது. காலையில் பொலிஸ் ஜீப் வந்ததாம். சிவராசா அண்ணனை ஏற்றிக்கொண்டு போனார்களாம். அறையில் யார் யார் பேசினார்கள் என்று தன்னையும் கேட்டார்களாம். "எனக்குத் தமிழ் தெரியாது, ஒரு ஆளோ பத்து ஆளோ எனக்கு எப்படி விளங்கும் என்று சொன்னேன். மகனே, நீ அந்தப் பக்கம் வராதே" என்றார் சிங்களத்தில். துணியை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

பயம் என்றால் என்னவென்று எனக்கு முன்பே தெரியும் என்று நினைத்திருந்தேன். தெரியாது. அடி தாங்காமல் அவர் என் பெயரைச் சொல்லிவிட்டால் அது குற்றமா? நானாக இருந்தால் சொல்லியிருப்பேன் என்றே தோன்றியது. வள்ளி ஒரு பையில் உடுக்க இரண்டு சாரமும் குளிக்கச் சவர்க்காரமும் எடுத்துவைத்தாள். என்னைக் கொண்டுபோனால் கையில் கொடுத்துவிட. எங்கே ஓடுவது? பிலிமத்தலாவையில் அவளுடைய சித்தப்பா இருந்தார். போனால் அவரையும் சேர்த்து இழுத்ததாக ஆகும். கடையைத் திறக்காவிட்டால் அதுவே சந்தேகம். ஆகவே திங்கட்கிழமை காலை கடைக்குப் போனேன்.

மெஷினில் உட்கார்ந்து கொஞ்ச நேரம்தான் இருக்கும், வாசலில் சப்பாத்துச் சத்தம். தலை நிமிர்ந்தால் காக்கிச் சட்டை. முடிந்தது கதை என்று எழுந்து நின்றேன்.

வந்தவர் வழக்கமாக என்னிடம் உடுப்புத் தைக்கக் கொடுக்கிற கான்ஸ்டபிள். "என்ன, காய்ச்சலா? முகம் வெளிறியிருக்கிறது" என்றார். அவருடைய காற்சட்டை நீளமாம், அடியை மடித்துத் தரவேண்டுமாம். அவர் போட்டுக்கொண்டு நிற்க, நான் தரையில் குந்தி ஊசி குத்த ஆரம்பித்தேன். மேலே இருந்து அவர் சிரித்துக்கொண்டே பேசினார். சிங்களத்தில் பேசியதைத் தமிழில் எழுதுகிறேன்.

"ஸ்டேசனில் ஒரு யாழ்ப்பாணத்து ஆள் இருக்கிறான். அவனைப் போல ஒருவனை நான் பார்த்ததில்லை. உன் அறையில் கூடிப் பேசியது யார் என்று கேட்டால், தான் தனி ஆள், இரண்டு குரலும் தன்னுடையதுதான் என்கிறான்! ஒரு பக்கம் டீவிக்காரனுக்காகவும் மற்றப் பக்கம் படத்துக்காரனுக்காகவும் தானே வாதாடுவானாம். பொய் என்று நாலு வைத்தோம். பிறகும் அதையேதான் சொன்னான். அப்படியென்றால் செய்து காட்டு என்றார் எங்கள் மேலதிகாரி சாஜன் மாத்தயா. அவரும் அந்தத் தொடர் பார்க்கிறவர்."

"செஞ்சு காட்டினாரா?" என்று சிங்களத்தில் கேட்டேன்.

"காட்டினானே! இந்தப் பக்கம் சாய்ந்து ஒரு குரல், அந்தப் பக்கம் சாய்ந்து ஒரு குரல். உதடு வீங்கியிருந்தது, இருந்தும் விடவில்லை. பெட்டியில் பறக்கிறவன் கொடியில் காயும் சட்டை மாதிரி என்றான். சாஜனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது."

என் வசனம். என் கடையில், என் தலைக்கு மேலே, ஒரு பொலிஸ்காரருடைய வாயிலிருந்து வருகிறது. கான்ஸ்டபிள் தொடர்ந்து சொல்லிக்கொண்டே போனார். இருட்டு, முன்னூறு பேர், ஆளுக்குக் கொஞ்சம் பயம், எல்லாம் வந்தது. நான் ஊசியைப் பிடித்தபடி அடுத்ததுக்குக் காத்திருந்தேன். இனி அந்த முழங்கைச் சுருக்கம்தான் வரவேண்டும். அக்குள் இழுப்பதும் கைப்பகுதியின் வெட்டு தப்பானதும் வரவேண்டும். அதைச் சொன்னால், சொன்னவன் யாரென்று கண்டுபிடிக்கப் பெரிய மூளை வேண்டியதில்லை. இவரே கீழே குனிந்து என்னைப் பார்ப்பார்.

"அதுக்கப்புறம் ராளஹாமி?" என்று அவரை மரியாதையாகக் கேட்டேன்.

"அதற்குப் பிறகு என்ன? அவ்வளவுதான்."

வரவில்லை. அந்த அடிக்கும் பயத்துக்கும் நடுவில் இருந்துகொண்டு, எனக்காகப் பேசிய அத்தனையிலும் அந்த ஒன்றை மட்டும் சிவராசா அண்ணன் எடுத்து ஒளித்து வைத்திருந்தார். ஊசி என் பெருவிரலில் ஏறியிருந்தது. நோகவில்லை.

"நீ என்ன சொல்கிறாய்? டீவியா படமா?" என்றார் கான்ஸ்டபிள் திடீரென்று.

"டீவிதான் ராளஹாமி" என்றேன். "படம் ஒரே தடவையில முடிஞ்சிரும். இது அடுத்த கிழமையும் வரும்." என் வாழ்நாளில் நான் அவருடைய கட்சியைப் பேசியது அந்த ஒரு தடவைதான்.

செவ்வாய்க்கிழமை பின்னேரம் அவரை விட்டுவிட்டார்கள். அதே வாரம் பிடிபட்ட வேறு சிலர் வீடு வரவில்லை. இதை எழுதும்போதும் அவர்களை நினைக்கிறேன். அவர் நேரே என் கடைக்கு வரவில்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு சட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வாடிக்கையாளர் மாதிரி வந்து நின்றார். பல் ஒன்று போயிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் அவர் முந்திக்கொண்டார். "உம்மட கட்சியை உம்மைவிட நல்லாப் பேசினனான், தெரியுமோ? அந்தச் சுருக்கக் கதையை மட்டும் விட்டுட்டன். மட்டமான வாதம் அது."

நான் அழுதேன். "சட்டையை நனைக்காதையும், புதுத் துணி" என்றார். மகன் பிறந்தபோது வந்து தூக்கிப் பார்த்தார். பிறகு மாற்றல், பிறகு கனடா. எத்தனையோ தடவை நன்றி சொல்ல வாயெடுத்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் "படத்துக்காரர் தோத்துப்போய்க் கதையை மாத்துறார்" என்று பேச்சை வெட்டிவிடுவார்.

போன மாதம்தான் கடைசியாகப் பேசினோம். இப்போது படத்தையும் தொடரையும் ஒன்றாகக் கலந்துவிட்டார்களாம், ஒன்று விளங்க மற்றதைப் பார்க்கவேண்டுமாம், அநியாயமாம். நன்றாகத் திட்டி முடித்துவிட்டுச் சொன்னார்: "தம்பி, உம்மைக் காப்பாத்தத்தான் ரெண்டு குரலில கதைச்சனான் எண்டு நீர் நினைச்சுக்கொண்டிருக்கிறீர். அது பாதிதான். அண்டைக்கு எனக்குச் சரியான பயம். உம்மட குரலில கதைக்கேக்க, பக்கத்துக் கதிரையில நீர் இருக்கிற மாதிரி இருந்தது. சேந்து பயந்தா ஆளுக்குக் கொஞ்சம்தான் எண்டு நீர் சொன்னது சரி. இதை ஒருத்தருக்கும் சொல்லாதையும்."

சொல்லிவிட்டேன் அண்ணே, மன்னித்துக்கொள்ளுங்கள்.

அவருடைய பொருள் ஒன்றும் என்னிடம் இல்லை. ஒரு புகைப்படம்கூட இல்லை. என்னிடம் இருப்பது அவருடைய கட்சி. நேற்றுச் சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குத் திரைச்சீலையை மூடிவிட்டு உட்கார்ந்தேன். டீவியில் யாரோ ஒரு புதுச் சிறகுக்காரன் பறந்துகொண்டிருந்தான். முடிந்ததும் வழக்கம்போல முழங்கைச் சுருக்கத்தைப் பிடித்துக்கொண்டேன். யாரும் கும்பிடவில்லை. ஆகவே அந்தப் பக்கம் சாய்ந்து, "நீர் சொல்லுறது பிழை, தம்பி" என்று அவருக்காக நானே ஆரம்பித்தேன். திங்கட்கிழமை, கந்தோர், பஸ், பயம், ஒன்றையும் விடாமல் சொன்னேன். சத்தம் கூடிவிட்டது போலிருக்கிறது.

குசினியிலிருந்து வள்ளி கேட்டாள்: "யாரு வந்திருக்கா? யாரோட பேசுறீங்க?"

"யாருமில்ல" என்றேன். "ரெண்டு குரலும் என்னுதுதான்."