கம்பத்தில் பேசி முடித்த சம்பந்தம்

ஆனையூர்ப் பக்கம் லைன்மேனாக இருந்தபோது, ஒரு கல்யாணத்தைப் போன் கம்பத்தின் உச்சியில் நின்று பேசி முடித்தேன். இப்போது வேலைக்கு வரும் பிள்ளைகளிடம் சொன்னால் நம்ப மாட்டேன் என்கிறார்கள்.

ஊரே செல்போனுக்கு மாறிக்கொண்டிருந்த சமயம். வீட்டுப் போன் வேண்டாம் என்று தினமும் சரண்டர் கேஸ்கள் வரும். வீட்டுப் போனை வாங்கிக்கொண்டு, ஒயரை அறுத்து, கம்பத்துப் பெட்டியில் இணைப்பைக் கழற்ற வேண்டும். அன்று சேலை வியாபாரம் செய்யும் சரோஜா அக்கா வீடு. ஆளுக்கொரு செல் வாங்கியிருந்தார்கள். சார்ஜ் தீர்ந்துவிடும் என்று அக்கா தன் செல்லை அணைத்து, கைக்குட்டையில் சுற்றி, பீரோவில் பூட்டி வைத்திருந்தார்.

"எதுக்குக்கா அது?"

"அவசரத்துக்குண்ணே."

போனைப் பைக்குள் போட்டேன். ஒயரை அறுத்துவிட்டுக் கம்பத்தில் ஏறினேன். எதிர்வீட்டு மேரி அக்கா அலறிக்கொண்டு ஓடி வந்தார்.

"அண்ணே, அறுத்துறாதீங்க! அதுதான் எங்க பிபி நம்பரு!"

போன் இல்லாதவர்கள் பக்கத்து வீட்டு நம்பரைத் தருவார்கள். அதுதான் பிபி நம்பர். மேரி அக்காவின் மகள் ஜெசிந்தா மிஷன் பள்ளியில் டீச்சர். அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போன எழுமலைக்காரர்கள், அன்று காலை போனில் பதில் சொல்வதாக இருந்தார்கள். பூத்திலிருந்து பேசுகிறவர்கள், திருப்பிக் கூப்பிட வழியில்லை. போனை யாரும் எடுக்காவிட்டால் பெண் வீட்டுக்கு விருப்பமில்லை என்றுதான் நினைப்பார்கள்.

"அறுத்தாச்சேக்கா" என்றேன்.

மேரி அக்கா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

"ஏன்டி மேரி, நேத்தே சொல்லக் கூடாதா?" என்றார் சரோஜா அக்கா.

"நீங்க போனக் குடுக்கப் போறேன்னு சொன்னீங்களாக்கா?"

நல்லவேளை, அறுத்தது வீட்டு ஒயரைத்தான். கம்பம் வரை லைனில் உயிர் இருந்தது. இடுப்பில் தொங்கிய டெஸ்ட் போனைக் கம்பத்துப் பெட்டியில் மாட்டி, எக்ஸ்சேஞ்சைக் கூப்பிட்டு, அந்த நம்பரில் கை வைக்காதீர்கள் என்று கெஞ்சினேன். பிறகு மேலேயே காத்திருந்தேன். தெருவே கூடிவிட்டது. யாரோ வாளியில் கயிறு கட்டி எனக்கு டீ அனுப்பினார்கள்.

டீயைக் குடித்து முடிக்கவில்லை, மணி அடித்தது. மாப்பிள்ளையின் அம்மா.

"சரோஜா வீடுங்களா?"

"அந்த வீட்டுக் கம்பத்துல இருக்கேம்மா, லைன்மேன். மேரி அக்கா கீழ நிக்கிறாங்க. சொல்லுங்க, சொல்லிர்றேன்."

பக்கத்தில் யாரிடமோ "கம்பத்துல இருக்காராம்" என்று சொல்வது கேட்டது.

"எங்களுக்குப் பிடிச்சிருக்கு. கல்யாணத்துக்குப் பெறகும் பொண்ணு வேலைக்குப் போகுமான்னு பையன் கேக்கச் சொன்னான்."

கீழே கத்தினேன். "அவங்க இஷ்டம்னு சொல்லுங்கண்ணே!" என்றார் மேரி அக்கா. அவரை விலக்கிக்கொண்டு ஜெசிந்தா முன்னால் வந்தாள்.

"போவேன்னு சொல்லுங்கண்ணே! கண்டிப்பாப் போவேன்!"

வகுப்பை அடக்கிப் பழகிய குரல். நான் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"கேட்டுருச்சு, கேட்டுருச்சு" என்று அந்தப் பக்கம் சிரிப்பு. "பையனுக்கும் அதுதான் வேணுமாம். ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சதும் வாரோம்."

"சம்மதமாம்!" என்று கத்தினேன். தெருவில் ஒரே விசில். சந்தோஷத்தில் நானும் இரண்டு கையையும் தூக்கிவிட்டேன். இடுப்புக் கயிறு காப்பாற்றியது.

இறங்கியதும் சரோஜா அக்கா என் பையிலிருந்து போனை எடுத்துக்கொண்டார்.

"திரும்ப மாட்டிருங்கண்ணே."

"செல்லு இருக்கேக்கா?"

"அது எனக்கு. இது தெருவுக்கு."

அன்றிலிருந்து சரண்டர் கேஸ் வந்தால், எதிர்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டுவிட்டுத்தான் ஒயரில் கை வைப்பேன்.