அண்ணன் மேல் ஆவி இறங்கிய நாள்

எங்கள் தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்தில், ஒரு பிள்ளையைப் பாராட்ட வேண்டுமென்றால் அறிவாளி, அழகன் என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். "அடங்கின பிள்ள" என்பார்கள். அதற்கு மேல் பட்டம் கிடையாது. என் அண்ணனுக்கு அந்தப் பட்டம் கடைசிவரை கிடைக்கவில்லை.

இத்தனைக்கும் அவன் யாரையும் அடித்ததில்லை, எதையும் உடைத்ததில்லை. பேச்சும் குறைவு. உட்கார்ந்தால் முன்னும் பின்னும் ஆடுவான். இரண்டு கைகளையும் தோள் உயரத்துக்குத் தூக்கி, ஈரத்தை உதறுவது போல விரல்களை உதறிக்கொண்டே இருப்பான். ஃபாக்டரி சங்கு ஊதினாலும், விருந்தாளிகள் வந்து வீடு நிறைந்தாலும் உதறல் கூடும். மழை விட்டுப் பளிச்சென்று வெயில் அடித்தாலும் உதறுவான். அது சந்தோஷ உதறல். பக்கத்து வீட்டு மாமா, "என்னல, கை இன்னும் காயலியா?" என்று கேட்டுக்கொண்டே போவார். அந்தக் கேலியில் விஷம் இருக்காது. லயத்துக்கு அவன் பழகிவிட்டான். பழகாத இடம் சர்ச்தான்.

வண்டிப்பெரியாரில் எங்கள் சர்ச்சில் அம்மா எப்போதும் கடைசிப் பெஞ்சில், வாசலை ஒட்டி உட்காருவாள். பிரசங்கம் தொடங்கியதும் அண்ணன் ஆடத் தொடங்குவான். பெஞ்சு பழசு, அவன் ஆட ஆட அது கிறீச்சிடும். முன்னால் தலைகள் திரும்பும். அம்மா அவன் கைகளைத் தன் மடியில் வைத்து அழுத்திப் பிடிப்பாள். பிடித்தால் அவன் தொண்டையிலிருந்து ஒரு முனகல் கிளம்பும். அப்புறம் என்ன, இரண்டு பேரும் வெளியே. பிரசங்கம் எப்படி முடிந்தது என்று வீட்டுக்குப் போகும் வழியில் என்னிடம் கேட்பாள். எட்டு வயதில் நான் என்னத்தைக் கண்டேன்? "எல்லாரும் நல்லா இருக்கணுமாம்" என்பேன்.

ஒரே ஒரு ஆராதனை. மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, முதல் பாட்டிலிருந்து கடைசி ஆமென் வரைக்கும் உட்கார்ந்து கேட்க வேண்டும். அம்மாவின் ஆசை அவ்வளவுதான். அப்பாவிடம் அவள் அதைச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, குமுளியில் ஒரு பெந்தெகொஸ்தே சபையில் இருந்தாள். ஓண லீவில் அங்கே நடக்கவிருந்த உபவாச ஜெபத்துக்கு எங்களைக் கூப்பிட்டாள். அம்மா தயங்கினாள். "எங்க சபையில யாரு மதினி அடங்கி இருக்கா? நானே குதிப்பேன். பிள்ளையக் கூட்டிட்டு வாங்க," என்றாள் அத்தை. காலையில் பட்டினி இருந்து ஜெபித்து, மத்தியானம் கோழிக்கறியும் சோறுமாக உபவாசத்தை முடிப்பார்கள் என்றும் சொன்னாள். அந்த இடத்திலேயே எனக்குப் பக்தி வந்துவிட்டது.

அப்பா வரவில்லை. நாங்கள் மூவரும் ஜீப்பில் போய் இறங்கினோம். தகரக் கூரை போட்ட ஹால். வெளியே மழை, உள்ளே டிரம்மும் கீபோர்டும். பாட்டு ஏற ஏற எல்லாரும் கண்ணை மூடி, கையைத் தூக்கி அசையத் தொடங்கினார்கள். அண்ணனும் கைகளைத் தூக்கி உதறினான், ஆடினான். நான் சுற்றிப் பார்த்தேன். ஒரு தலைகூடத் திரும்பவில்லை. வழக்கப்படி அவனைப் பிடிக்கப் போன அம்மாவின் கைகள் பாதியில் நின்றன. பிறகு அவளும் தன் கைகளை மேலே தூக்கிக்கொண்டாள். அப்படியொரு முகத்தை நான் அவளிடம் பார்த்ததே இல்லை.

அத்தோடு விட்டிருக்கலாம். அத்தை கண்ணைத் திறந்து பார்த்துவிட்டாள்.

"மதினி, பாருங்க. பிள்ள மேல ஆவி எறங்கிருக்கு."

பக்கத்தில் நின்ற பெண் ஸ்தோத்திரம் சொன்னாள். செய்தி வரிசை வரிசையாக முன்னால் போய்ச் சேர்ந்தது. பாஸ்டர் தன்மையான மனிதர். அவரே வந்து அண்ணனைக் கைப்பிடித்து மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தினார். கடைசிப் பெஞ்சுக்காரன் மேடையருகே நிற்கிறான். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒருத்தி அம்மாவின் கன்னத்தைத் தடவி, "குடுத்து வச்சவ நீ," என்றாள்.

அவன் தலையிலும் தோளிலும் பத்துப் பேர் கை வைத்தார்கள். ஸ்பீக்கர் காதுக்குப் பக்கத்தில். அவன் ஆட்டம் வேகமானது. அதைப் பார்த்து இவர்கள் பாட்டை ஏற்றினார்கள். பாட்டு ஏறவும் அவன் இன்னும் வேகமாக ஆடினான். அதைப் பார்த்து இவர்கள் இன்னும் ஏற்றினார்கள்.

அம்மா அவன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் உதறும்போது அவன் விரல்கள் விரிந்திருக்கும். பயந்துவிட்டால் கட்டைவிரல் உள்ளே போய்விடும், மற்ற நான்கும் அதை இறுக மூடிக்கொள்ளும். இது எனக்கும் தெரியும். ஆனால் நான் அப்போது கோழிக்கறி வாசனையில் இருந்தேன்.

அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு போனாள். "பாஸ்டரே, கைய எடுக்கச் சொல்லுங்க."

"தடுக்காதீங்க மதினி. அபிஷேகம்," என்றாள் அத்தை.

"அபிஷேகம் இல்ல பிள்ள. அவனுக்குச் சத்தம் தாங்கல. சங்கு ஊதினாலும் இப்பிடித்தான் ஆடுவான்."

பாஸ்டர் உடனே கையை எடுத்துவிட்டார். டிரம்மை நிறுத்தச் சொல்லிச் சைகையும் காட்டினார். டிரம் அடித்தவர் கண்ணை மூடியிருந்தார். அவர் பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தார். "ஆண்டவர் தொட்ட பிள்ளைய அம்மாவே இழுத்துட்டுப் போறாளே" என்று யாரோ சொல்வது பின்னால் கேட்டது. அம்மா திரும்பவில்லை.

எதிரே ஓணத்துக்கு அடைத்துக் கிடந்த ஒரு மசாலாக் கடை. அதன் வாசல் படியில் உட்கார்ந்தோம். அண்ணன் ஷட்டரில் முதுகு மோத ஆடினான், ஷட்டர் கடகடத்தது. அம்மா அவனைப் பிடிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, மழைச் சாரல் அவன் மேல் படாதபடி உட்கார்ந்துகொண்டாள். மெல்ல மெல்ல ஆட்டம் நிதானப்பட்டது. கட்டைவிரல்கள் வெளியே வந்தன.

இதற்கு ஆட்டிசம் என்று டாக்டர்கள் பெயர் சொல்லி விளக்கியதெல்லாம் பின்னால். தொட்டிலில் போட்டுக் குழந்தையை நாம் ஆட்டுகிறோமே, அதைத் தனக்குத் தானே செய்துகொள்கிறான், யாருக்கும் காயமில்லையென்றால் ஆட விடுங்கள் என்றார்கள். அன்றைக்கு எனக்குத் தெரிந்ததெல்லாம், கிடைத்த மரியாதையை விட்டுவிட்டு நாங்கள் தெருவில் உட்கார்ந்திருக்கிறோம் என்பதுதான்.

மழை குறைந்தது. ஹாலிலிருந்து பாட்டு எங்களுக்குத் தக்க அளவில் வந்தது. அம்மா கண்ணை மூடிக்கொண்டு கூடவே பாடினாள். பாடப் பாட அவளும் ஆடினாள், அண்ணனின் தாளத்துக்கு. பாட்டு முடிந்து பிரசங்கம் ஆரம்பித்தது.

"உள்ள போவமா? உன்னக் குடுத்து வச்சவன்னு சொன்னாங்கல்லாம்மா," என்றேன்.

"சும்மா இருட்டி, பாஸ்டர் சொல்றது கேக்க மாட்டேங்குது."

கடைசி ஆமெனை அவள் சத்தமாகவே சொன்னாள். அண்ணன் விரல்களை விரித்து உதறினான். சற்று நேரத்தில் அத்தை முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு மூன்று பொட்டலங்களோடு வந்தாள். "தின்னுங்க. பிள்ளைக்கு எலும்பில்லாம வச்சிருக்கு," என்று கொடுத்துவிட்டு எங்களோடு படியில் உட்கார்ந்தாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, "கூட்டம் எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டார். அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"அம்மா பாதியிலயே எந்திரிச்சு வந்துட்டாப்பா. மீதிய அவ கேக்கவே இல்ல."

கடை வாசலில் உட்கார்ந்து கேட்டதெல்லாம் கணக்கில் வருமா என்ன? அம்மாவும் என்னைத் திருத்தவில்லை. அந்தக் கடைசிப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே அடுப்பைப் பற்ற வைக்கப் போனாள்.