சோஸ்ட் நகரத்துப் பின்வாசல்

எனக்குக் கோர்வையாக எழுத வராது, பார்த்ததும் பாதி மறந்துபோகும். ஐந்தாம் வகுப்புப் படிப்புத்தான், குறை நினைக்காதீர்கள்.

டோர்ட்மண்டிலிருந்து மகளும் மருமகனும் என்னைச் சோஸ்ட் என்ற பழைய நகரத்துக்குக் கூட்டி வந்திருக்கிறார்கள். மதிலும் தேவாலயமும் பச்சை நிறக் கல்லில் நிற்கின்றன. எண்ணூறோ ஆயிரமோ வருஷம் என்று மருமகன் சொல்லிக்கொண்டு நடக்கிறார். எனக்கோ அரை மணி நேரமாக ஒன்றுக்கு முட்டுகிறது. அவர் பக்கத்தில் இருக்க, மகளிடம் சொல்லக் கூச்சம். கல்லுப் பதித்த தெருவில் ஒவ்வொரு அடியும் அடிவயிற்றில் குத்துகிறது.

அவர்கள் படம் எடுக்க நிற்கும்போது நான் பக்கத்துச் சந்து போன்ற ஒரு ஒழுங்கைக்குள் திரும்புகிறேன். சாப்பாட்டுக் கடையொன்றின் பின்வாசலில் ஒருவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருக்கிறார். என் சேலையைக் கண்டதும் எழும்புகிறார்.

“அம்மா, தமிழோ! ஊரில எவடம்?”

“கரவெட்டி, தம்பி.”

“கரவெட்டியில எவடம்? ஆற்ற மகள்?”

“எல்லாம் சொல்லுறன் ராசா. முதல்ல கக்கூஸ் எங்கையெண்டு காட்டுங்கோ!”

அவர் சிரிக்கவில்லை. சமையல் நடக்கிற குசினி வழியாகக் கூட்டிப்போய்க் கதவைத் திறந்துவிடுகிறார்.

திரும்பி வந்தால் தேத்தண்ணி ஆவி பறக்கிறது. நான் இருப்பதற்கு ஒரு பெட்டியும் கவிழ்த்து வைத்திருக்கிறார்.

“ஏழு வருசமா இஞ்சை வேலை, அம்மா. எங்கட சனம் ஒருத்தரும் இந்தப் பின்பக்கம் வந்ததில்லை. இப்ப சொல்லுங்கோ, ஆற்ற மகள்?”

மகள் தெருவில் என்னைக் கூப்பிடுவது கேட்கிறது.

“இஞ்சை நிக்கிறன் பிள்ளை!” என்று குரல் கொடுத்துவிட்டு, ஆறுதலாக இருந்து என்னைப் பெற்ற அப்புவின் பெயரிலிருந்து தொடங்குகிறேன்.

நகரத்தின் பெயரையும் தேவாலயத்தின் வயதையும் தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்திவிடுங்கள். அந்தத் தம்பியின் ஊர் நெடுந்தீவு, தாயின் பெயர் பூமணி. அவை இரண்டும் சரி.