ஐயாசாமியின் சைக்கிள் மணி

எங்கள் தீவில், ட்ரியோலே ஊர் ஐயாசாமி 1938இல் ஒரு சைக்கிள் வாங்கினார். அது அவரைச் சுமந்ததைவிட அவர் அதைச் சுமந்ததுதான் அதிகம். தூறல் விழுந்தால் போதும், இறங்கி வண்டியைத் தோளில் போட்டுக்கொள்வார். கறுப்புப் பெயின்ட், தோல் சீட், முன்கம்பியில் தங்க எழுத்து, எல்லாம் கடையிலிருந்து வந்தபடியே இருக்க வேண்டும். அந்தக் கம்பியில் ஒரு துணிப்பையைக்கூட மாட்டவிட மாட்டார். மணியை அடிக்கவும் மாட்டார், தேய்ந்துவிடுமாம். எதிரே ஆள் வந்தால் வாயாலேயே "ட்ரிங் ட்ரிங்" என்பார். எங்கள் ஊருக்கு வேறு வேடிக்கை எதற்கு?

மனைவி தெய்வானை ஒருநாளும் அதில் ஏறியதில்லை.

1960 புயலில் அவர்கள் வீட்டுத் தகரக்கூரை பறந்தது. ஐயாசாமி சைக்கிளைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினார். அதை ஒரு மூலையில் பத்திரமாகச் சாத்திவிட்டுத்தான் பெண்டாட்டிக்காகத் திரும்பி வந்தார். அதுவரை அவள் முழங்கால் தண்ணீரில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கேட்கிற எனக்கே பற்றிக்கொண்டு வருகிறது, அவளுக்கு வராதா? காற்று அடங்கிய மறுநாள் மணியைக் கழற்றி ஆற்றில் வீசினாள்.

வீசிவிட்டு வந்தால், அவர் பக்கத்து வீட்டாரிடம் பெருமையடித்துக்கொண்டிருக்கிறார். "ஒரு திருகாணிகூடப் போகாம சைக்கிளைக் காப்பாத்தினா காவடி எடுக்கறேன்னு முருகனுக்கு வேண்டிக்கிட்டேன். காப்பாத்திட்டான்!"

திருகாணி என்ன, மணியே ஆற்றோடு போயாச்சே என்று தெய்வானை நின்ற காலோடு திரும்பினாள். மெக்கானிக் ரேமோனிடம் ஓடி, அதே மாதிரி ஒரு மணியை வாங்கி, அவர் குளிக்கப் போன நேரத்தில் மாட்டிவிட்டாள்.

அடுத்த தைப்பூசத்துக்குப் பத்து நாள் விரதம், நாக்கில் வேல், தோளில் காவடி. காவடியில் பால் செம்பு. வேண்டுதலில் கோளாறு இருந்தால் பால் திரிந்துவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. தெய்வானை வழி நெடுக அந்தச் செம்பையே பார்த்துக்கொண்டு நடந்தாள். கோயிலில் பாலை ஊற்றினார்கள். திரியவில்லை. ஆக, முருகனும் கூட்டுக் களவாணி.

1968 மார்ச்சில், தீவின் சுதந்திர விழாவுக்காக, எதுவும் மாற்றாத பழைய சைக்கிளுக்குப் பரிசு என்று அறிவித்தார்கள். தலைநகர் போர்ட் லூயிஸிலிருந்து நடுவராக வந்த ஜான்-போல், மணியின் மூடியைத் திருகி எடுத்து உள்ளே பொறித்திருந்த ஆண்டை உரக்கப் படித்தார். "1952."

கூட்டம் சிரித்தது. ஐயாசாமி நேரே போய் ரேமோனின் சட்டையைப் பிடித்தார். "திருடா! எண்ணெய் போடக் கொடுத்தப்போ மாத்திட்டியா?"

"அவனை விடுங்க. நான்தான்!" என்றாள் தெய்வானை. மிச்சத்தையெல்லாம் தீவுப் பேச்சான கிரியோலில் கொட்டினாள். எங்களுக்குக் கோபம் அதில்தான் ஒழுங்காக வரும். முதலில் சைக்கிள், அப்புறம்தானே பெண்டாட்டி என்று கேட்டாள்.

ஐயாசாமி சட்டையை விட்டார். "அப்ப நான் நாக்குல வேல் குத்திக்கிட்டது?"

"உங்களுக்கு நாக்குல, எனக்கு நெஞ்சுல," என்று சொல்லி அழுதுவிட்டாள். பரிசு வேறு யாருக்கோ போனது.

வீடு திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. அவர் சைக்கிளைத் தோளில் தூக்கவில்லை. முன்கம்பியைத் தட்டி, "ஏறு" என்றார். ஐம்பதைத் தாண்டிய தெய்வானை, நனைந்த சேலையோடு அந்தத் தங்க எழுத்தின் மேலேயே உட்கார்ந்தாள். சாலையின் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் திறந்தன. எதிரே பஸ் வந்தது. பழக்கதோஷத்தில் அவர் வாயால் "ட்ரிங்" என்று ஆரம்பித்து, சட்டென்று நிறுத்தினார்.

"நீயே மணியை அடி, தெய்வானை. அது ஒண்ணுதான் ஒரிஜினல் இல்லையே."