லோஜினியின் மரக்கறிக் குழு

இல்ஃபோர்டில் லோஜினியிடம் புருவத்தைக் கொடுக்காத தமிழ்ப் பெண்கள் குறைவு. வீட்டு முன்னறையையே பார்லராக்கி வைத்திருக்கிறாள். பாரிசில் ஒரு சலூனில் கூட்டித் துடைக்கப் போனவள், பார்த்துப் பார்த்தே தொழிலைப் பிடித்துக்கொண்டு லண்டன் வந்து சேர்ந்தாள். அவள் நூலை இழுக்கும்போது பெண்கள் கண்ணை மூடிக்கொண்டு, வீட்டில் சொல்ல முடியாததையெல்லாம் அவிழ்த்துவிடுவார்கள். அதில் ஒரு சொல்லும் அந்த அறையைத் தாண்டாது. எங்கள் சனத்தில் இப்படியொரு வாய் அபூர்வம். என் வாயையே நான் நம்பமாட்டேன்.

கேட்டுக் கேட்டு அவளுக்கே தாங்கவில்லைப்போல. இணையத்தில் பெண்களுக்கு மட்டும் என்று ஒரு குழு தொடங்கினாள். கட்டில் விஷயம், உடம்பு விஷயம், மாதவிடாய் நிற்கும்போது வரும் பாடு, எதையும் பேசலாம். ஒரே நிபந்தனை, சொந்தப் பெயர் கூடாது, மரக்கறிப் பெயர் வைக்க வேண்டும். கத்தரிக்காய், வெண்டிக்காய், பாவற்காய் என்று ஒரு சந்தையே கூடிவிட்டது. முருங்கைக்காய்க்கு மட்டும் அடிபிடி. நான் பிந்திப் போனதால் எனக்குக் கிடைத்தது புடலங்காய். லோஜினியின் கணவர் பெனடிக்ற் அண்ணை எட்டிப் பார்த்துவிட்டு, அது சமையல் குழு என்றே நிம்மதியாக இருந்தார்.

அந்தக் குழுவில் வாழைப்பூ என்று ஒருத்தி இருந்தாள். அளந்து அளந்துதான் எழுதுவாள். மாதவிடாய் நின்ற பிறகு கணவரோடு சேர்வது நோவாக இருக்கிறதாம். நோவுக்குப் பயந்து கிட்டப் போவதில்லை. தன்னை வெறுத்துவிட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டு வேறு அறையில் படுக்கிறார். பகலில் ஒருவருக்கொருவர் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துக்கொண்டு, பேச வேண்டியதை மட்டும் பேசாமல் இருக்கிறார்கள். இதற்கு மருந்து இருக்கிறது, டொக்டரிடம் போ என்று எல்லாரும் எழுதினோம். மாதக்கணக்காக எழுதினோம். கடைசியில் ஒரு நாள், ‘போகலாம் போலை இருக்கு’ என்று பதில் வந்தது. பஸ்ஸில் இருந்து அதை வாசித்தேன். பக்கத்துச் சீட் வெள்ளைக்காரி திரும்பிப் பார்க்கும் அளவுக்கு எனக்குச் சந்தோசம்.

அதே கிழமைதான் குழு இருந்த இணையத்தளத்திலிருந்து அறிவிப்பும் வந்தது. குழுவில் பேசப்படுவது வயது வந்தவர்களுக்கானது. ஆகவே புதிய சட்டப்படி திங்கட்கிழமை தொடக்கம் பாஸ்போர்ட்டைப் படம் பிடித்து அனுப்ப வேண்டும், அல்லது கமராவுக்கு முகத்தைக் காட்ட வேண்டும். சின்னப் பிள்ளைகள் கண்டதையும் பார்க்கக்கூடாது என்பதற்கான சட்டம். எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், சட்டத்தோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் என் பாஸ்போர்ட்டும் என் கட்டில் கேள்வியும் முன்பின் தெரியாத ஒரு கம்பெனியின் கணினியில் பக்கத்தில் பக்கத்தில் படுத்திருக்கும் என்று நினைக்கவே உடம்பு கூசியது. பார்த்தவுடன் அழித்துவிடுவோம் என்றுதான் போட்டிருந்தார்கள். அகதியாக நாடு நாடாக விரல் அடையாளம் கொடுத்து வந்த சனம் நாங்கள். இப்படியான வாக்கை நம்ப எங்களுக்குக் கொஞ்சம் நேரம் எடுக்கும்.

பெனடிக்ற் அண்ணைக்கும் விஷயம் காதில் விழுந்தது. “சமையல் குறிப்பு பார்க்க என்னத்துக்கப்பா பதினெட்டு வயது?” என்று கேட்டாராம். “கத்தி பாவிக்கிறதெல்லே,” என்றிருக்கிறாள் லோஜினி.

மரக்கறிகள் ஒவ்வொன்றாக விடைபெறத் தொடங்கின. வாழைப்பூவும் எழுதினாள். ‘முகம் காட்ட என்னாலை ஏலாது. எல்லாருக்கும் நன்றி.’ எனக்கு வந்த கோபத்தில் போனைத் தூக்கிச் சோபாவில் எறிந்தேன். டொக்டரின் வாசல்வரை வந்தவளை இப்படியா திருப்பி அனுப்புவது? தேடிப் போகவும் வழியில்லை. யாரென்று தெரியக்கூடாது என்பதற்காகத்தானே குழுவே.

லோஜினி மட்டும் சோரவில்லை. குழுவின் வாசல் பூட்டுப்பட முன்னர் கடைசியாக ஒன்று எழுதினாள். ‘ஞாயிறு பின்னேரம் என்ரை வீட்டுக்கு வாங்கோ. முகத்தை நான் மூடிவிடுறன். காப்பு, சங்கிலி, தாலிக்கொடி ஒண்டும் போடக்கூடாது.’

கடைசி வரியில்தான் அவளுடைய மூளை இருந்தது. எங்கள் பெண்கள் ஒருத்தியின் முகத்தை மறந்தாலும் தாலிக்கொடியை மறக்கமாட்டார்கள். எந்தக் கலியாணத்தில் பார்த்தது, எத்தனை பவுண் என்று நித்திரையிலும் சொல்வார்கள்.

ஞாயிறு பின்னேரம் கணவன்மாரே காரில் கொண்டுவந்து இறக்கினார்கள். மனைவி பேஷியல் செய்யப் போவதை யார் ஏன் என்று கேட்கப்போகிறார்கள்? லோஜினி குசினியில், அடுப்புக்குப் பக்கத்தில் வைத்து ஒவ்வொருத்தராக முகத்திலும் கழுத்திலும் முல்தானி மண்ணை அப்பி, தலைக்குத் துவாய் சுற்றி, ஒரே மாதிரி அங்கி மாட்டி முன்னறைக்கு அனுப்பினாள். முகங்கள் அவளுக்குத் தெரியும். ஆனால் எந்த முகம் எந்த மரக்கறி என்று அவள் கேட்கவில்லை.

“காயுமட்டும் ஒருதரும் சிரிக்கக்கூடாது. வெடிச்சிடும்,” என்றாள்.

சுற்றிவரச் சாம்பல் முகங்கள். ஒவ்வொன்றும் வாயை அசைக்காமல் தன் பெயரைச் சொன்னது. வெண்டிக்காய். பாவற்காய். கத்தரிக்காய். மூலைக் கதிரையிலிருந்து தணிந்த குரலில் “வாழைப்பூ” என்று வந்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. பூச்சு கரைந்துவிடும் என்று மேலே பார்த்தேன்.

கத்தரிக்காய்தான் தொடங்கினாள். “நான் கமராவுக்கு முகத்தைக் காட்டிப் பார்த்தனான். பதினெட்டு வயது எண்டு நம்ப ஏலாதாம், பாஸ்போட்டைக் கொண்டா எண்டு நிக்குது. எனக்கு ஐம்பத்தொண்டு. பேரப்பிள்ளையும் இருக்கு.”

“பிறகு?” என்றது வெண்டிக்காய்.

“பிறகென்ன, நல்லாய் இன்னொருக்கால் காட்டினன். அப்பவும் அதையேதான் சொல்லுது. இதை மனுசனுக்குச் சொல்ல ஏலாமல் போச்சே எண்டதுதான் என்ரை ஒரே கவலை.”

குசினிக்குள்ளிருந்து லோஜினி கத்தினாள். “அது என்ரை பேஷியல்! போய்ச் சொல்லுங்கோ, கமரா சாட்சி எண்டு.”

யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. பூச்சு வெடித்து மடியில் கொட்டியது. மூலைக் கதிரையும் குலுங்கியது. நாங்கள் சிரித்துக் களைத்த இடைவெளியில் அந்தத் தணிந்த குரல் கேட்டது.

“செவ்வாய்க்கிழமைக்கு டொக்டரிட்டை நேரம் எடுத்திட்டன். தனியப் போனால் வாசலிலை நிண்டு திரும்பிவிடுவன். ஆரும் என்னோடை வாறியளோ?”

கூடப் போக வேண்டுமென்றால் முகம் தெரிய வேண்டும். அது எல்லோருக்கும் விளங்கியது. யாரும் அவளை அவசரப்படுத்தவில்லை. அவளாகவே லோஜினியிடம் ஈரத்துணி வாங்கித் துடைத்தாள்.

கமலாம்பிகை ரீச்சர். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் மட்டுமல்ல, பெற்றோரும் மூச்சுக்காட்டாமல் நிற்கும் ரீச்சர். மகளைப் பிந்திக் கொண்டுபோய் விட்ட நாளில் என்னைக் கேட்ட கேள்விக்கு, இன்றைக்கும் அவரைக் கண்டால் நான் ரோட்டின் மற்றப் பக்கம் மாறிவிடுவேன். இந்த மனுசிக்குத்தான் மாதக்கணக்காக, ‘விசரி, ஏனடி பயப்பிடுறாய், போடி டொக்டரிட்டை’ என்று எழுதியிருக்கிறேன்.

எனக்குப் பயம்தான். ஆனால் அவர் அங்கே வெறும் முகத்தோடு தனியாக இருந்தார். நான் துவாயாலேயே என் முகத்தைத் துடைத்தேன்.

“நான் வாறன் ரீச்சர். நான்தான் புடலங்காய்.”

அவர் ஈரத்துணியை மடியில் வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினார். “நீரோ மாலினி, என்னை ‘ஏனடி, போடி’ எண்டு எழுதினது?”

“ஓம் ரீச்சர்.”

“செவ்வாய்க்கிழமையும் அப்பிடியே கூப்பிடும். அதைக் கேட்டுத்தான் எனக்குப் பயம் குறைஞ்சது.”

“சரியடி, ரீச்சர்,” என்றேன். மற்றவர்களின் முகத்தில் மிச்சமிருந்த மண்ணும் விழுந்தது.